பரந்தனில் பிள்ளை பிறந்தது

"எணை அம்மா, இடிக்காதையணை! முட்டை வைச்சிருக்கு!"

குசினி வாசலில் செத்தல் மிளகாய் இடித்துக்கொண்டிருந்த மாமியின் உலக்கை அந்தரத்தில் நின்றது.

சொன்னவர் என் கணவர் யோகன். கத்தினார் என்று எழுதினால் சரியாக வராது. கத்துகிறவரின் முகம், கத்துகிறவரின் கைவீச்சு, எல்லாம் இருந்தன. குரலை மட்டும் தொண்டைக்குள்ளேயே அமுக்கிப் பிடித்து ஒரு மாதிரிச் சீறினார். இடது கால் தொடை வரைக்கும் பிளாஸ்டருக்குள் கிடந்தது. அதை ஒரு கதிரையில் நீட்டி, இன்னொரு கதிரையில் தான் சாய்ந்திருந்தார். மடியில் ஒரு கறுப்புத் துணி. துணிக்குள் மூன்று கண்ணாடிக் குழாய்கள்.

"எந்தக் கோழி வைச்சது?" என்று மாமி கேட்டார்.

"கோழியில்லையணை. பரந்தன்."

மாமி உலக்கையை மெல்லச் சுவரில் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளை, காலில அடிபட்டா தலைக்கும் ஏறுமோ?"

வறுத்த மிளகாயின் நெடி வீடு முழுக்க நின்றது. எனக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கணவர் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு பார்த்த பார்வையில் தும்மலையும் விழுங்கிக்கொண்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் மிளகாய் இடிப்பது தடைசெய்யப்பட்டது. மாமி அரைகுறையாய் இடித்த மிளகாயைச் சட்டியில் அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு உரலுக்குப் போனார்.

ஹோர்ன் அண்ணை

இந்த மனிதர் ஒரு சத்தத்தை வேண்டாமென்று சொன்னார் என்பதைப் புதுக்குடியிருப்பில் யாரிடம் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து விசுவமடு, பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கு ஓடும் தனியார் பஸ் ஒன்றின் சாரதி அவர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஹோர்ன் அண்ணை. ஒழுங்கைகளுக்குள் நின்று தலை பின்னிக்கொண்டிருக்கும் பெட்டைகளுக்கு அவருடைய ஹோர்ன்தான் மணிக்கூடு. முதல் ஹோர்ன் கேட்டால் சாப்பாட்டுப் பெட்டியை எடுக்க வேண்டும். இரண்டாவது கேட்டால் ஓட வேண்டும். பஸ்ஸுக்குள் பாட்டு வேறு. பின் சீற்றில் இருப்பவரின் நெஞ்சு தாளத்துக்கு அதிரும்.

நானும் ஒரு காலத்தில் அந்த ஹோர்னுக்கு ஓடியவள்தான். அப்போது எனக்குக் கிளிநொச்சியில் வேலை. ஒரு மழை நாளில் நான் சந்திக்கு வரப் பிந்திவிட்டேன். பஸ் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தால், நிறைந்த பஸ்ஸோடு அந்த மனிதர் நின்றுகொண்டிருக்கிறார். ஆட்கள் ஏசுகிறார்கள். அவர் ஹோர்னை அடிக்கிறார். எனக்காகத்தான் நின்றதாக அவர் ஒத்துக்கொண்டது கலியாணத்துக்குப் பிறகு. அதுவரை "எஞ்சின் சூடு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவருக்குப் போன புரட்டாதியில் ஒரு விபத்து நடந்தது. தருமபுரத்துக்கும் பரந்தனுக்கும் இடையில், பொழுதுபடுகிற நேரம், தெருவுக்குக் குறுக்கே மாடுகள். கூட்டமாய் நின்றவை திடீரென்று கலைந்திருக்கின்றன. இவர் ஸ்ரியரிங்கை வெட்ட, பஸ் வாய்க்காலுக்குள் இறங்கிச் சரிந்தது. பயணிகளுக்குச் சிராய்ப்புகள், ஒருவருக்கு நெற்றியில் தையல். அவ்வளவுதான். இவருடைய கால் மட்டும் இரண்டு இடத்தில் முறிந்தது. மாடுகளுக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவர் கதைக்கவில்லை. ஊர் முழுவதற்கும் கேட்கக் கதைத்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கொண்டக்டர் சுதன் ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து பஸ் கதை சொல்வான். "அண்ணை, இண்டைக்கு உடையார்கட்டில ஒரு கிழவர் ஆட்டோட ஏறிட்டார். ஆட்டுக்கும் ரிக்கற் கேட்டனான்." இவர் சிரிக்க மாட்டார். யாழ்ப்பாணத்தில் படிக்கும் மகள் போன் எடுத்தால், "ம்" என்று சொல்லிவிட்டு என்னிடம் தந்துவிடுவார்.

எனக்கு அந்த அமைதிதான் பயமாக இருந்தது. முறிந்த எலும்பு பொருந்தும் என்று எனக்குத் தெரியும்.

செட்டை கழற்றியவள்

ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்து விட்ட ஒரு மாலை. ஈர மண்ணின் சூடு முற்றத்திலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. விறாந்தை வெளிச்சத்தைச் சுற்றிச் செட்டை முளைத்த பூச்சிகள் மொய்த்தன. மாமி தும்புத்தடியோடு வந்து, "ஈசல் கிளம்பிட்டுது" என்று கூட்டித் தள்ளத் தொடங்கினார்.

"நில்லணை!" என்றார் கணவர். பல நாட்களுக்குப் பிறகு கேட்ட முழுக்குரல் அது. "உது ஈசலில்லை. இடுப்பைப் பார். இடுப்பு மெல்லிசு. கட்டெறும்பு."

படுக்கையில் கிடந்த நாட்களில் போனில் எதையெதையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெடியன் எறும்பு வளர்க்கிறானாம். அவன் பேசியது இவருக்கு அரைவாசி விளங்கவில்லை. கை செய்வதைப் பார்த்திருக்கிறார். அது போதும் அவருக்கு. எஞ்சின் வேலையும் அப்படிப் பார்த்துப் பழகியதுதான்.

"வசந்தி, இஞ்ச வாரும். செட்டையைத் தானே கழட்டிப்போட்டு நிலத்தில ஓடித் திரியிறது இருக்கும், பெரிசாய். அதுதான் ராணி. பிடிச்சுத் தாரும்."

நாற்பத்தெட்டு வயதில், சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு பேணியோடு முற்றத்தில் தவழ்ந்து எறும்பு பிடித்தேன். மூன்று அகப்பட்டன. விரல் நகம் நீளத்துக்கு, எண்ணெய் பூசினது போலப் பளபளவென்று, தடித்த வயிற்றோடு. ஒவ்வொன்றும் தன் செட்டைகளைக் கால்களால் உதைத்துக் கழற்றி எறிந்துவிட்டு, இனிப் பறக்கிற வேலை இல்லை என்பது போல ஒளிக்க இடம் தேடியது.

நான் இப்போது வேலை செய்வது புதுக்குடியிருப்பிலேயே ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை நிலையத்தில். புதுக் குழாய்களில் மூன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அடியில் கொஞ்சம் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, பிறகு ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. இவ்வளவுதான் வீடு. பஞ்சு ஈரத்தைக் கசியவிடும். ராணி அந்த ஈரத்தோரம் இருந்துகொள்ளும். சாப்பாடு தேவையில்லை. பறப்பதற்கென்று உடம்பில் இருந்த சதையைக் கரைத்தே முதற் பிள்ளைகளை வளர்த்துவிடும். அதற்கு வேண்டியது இரண்டு சாமான்: இருட்டு, அமைதி.

"அமைதி" என்று ஹோர்ன் அண்ணை சொல்லும்போது நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். விபத்துக்குப் பிறகு முதல் தடவை.

குழாய்களுக்குப் பெயர் வேண்டுமென்றார். தன் ஓட்டத்தில் வரும் தரிப்பிடங்களையே வைத்தார்: உடையார்கட்டு, விசுவமடு, பரந்தன்.

மாமியின் சண்டை

மாமியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கும் எறும்புக்கும் இருக்கும் பகை பழையது.

போர் முடிந்து நாங்கள் மீளக்குடியமர வந்தபோது வளவில் வீடு இல்லை. அத்திவாரமும் இரண்டு படிக்கட்டும் மிஞ்சியிருந்தன. பற்றை வெட்டி, தகரக் கொட்டில் போட்டு, நிவாரணமாகக் கிடைத்த அரிசியையும் சீனியையும் உள்ளே வைத்தோம். மறுநாள் விடியப் பார்த்தால், நாங்கள் இல்லாத காலமெல்லாம் அத்திவாரத்துக்குள் குடியிருந்தவை வரிசை வரிசையாக வந்து சீனியைக் காவிக்கொண்டிருந்தன. ஏதோ எங்கள் வீடு அவர்களுடையது, நாங்கள்தான் இடையில் வந்தவர்கள் என்பது போல.

மாமி அன்றைக்குத் தொடங்கினார். மஞ்சள் தூள், சாம்பல், உப்புத் தண்ணீர், கடையில் விற்கும் எறும்புச் சோக். சாப்பாட்டு அலுமாரியின் நாலு காலையும் நாலு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிற்க வைத்தார். கல்வீடு கட்டிய பிறகும் அந்தக் கிண்ணங்கள் மாறவில்லை. காலையில் எழும்பினால் சாமி கும்பிட முன், கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

அந்த மாமியின் வீட்டில் அவருடைய மகன் எறும்பு வளர்க்கிறார்.

"மோனை, நான் ஒரு பக்கத்தால கலைக்கிறன், நீ மற்றப் பக்கத்தால கூட்டிக்கொண்டு வாறாய். இது எந்த ஊர் நியாயம்?"

"உது மூண்டே மூண்டுதானேயணை."

"எல்லாம் மூண்டிலதான் தொடங்கும்."

அதில் பிழையில்லை. ஆனால் மகன் பல கிழமைகளுக்குப் பிறகு வாய் திறந்து கதைக்கிறான் என்பதையும் அவர் கவனித்துத்தான் இருந்தார். குசினிக்குள் போய்ச் சட்டிகளை வழமையை விடச் சத்தமாகக் கழுவினார். குழாய்களை எறியச் சொல்லவில்லை. அதன் பிறகுதான், குழாய்களின் பெயர்களை இன்னும் அறியாத மாமி மிளகாய் இடித்த அன்று, பரந்தன் முட்டை வைத்தது.

பொறுமை என்ற பாடம்

பரிசோதனை நிலையத்திலிருந்து நான் கொண்டுவந்த பூதக்கண்ணாடியால் பார்த்தோம். சீனிக் குருணியிலும் சிறிய வெள்ளை மணிகள், ஒன்றாக ஒட்டி ஒரு குவியல். ராணி அதை வாயால் தூக்கி, இடம் மாற்றி, நக்கிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்து விசுவமடுவும் உடையார்கட்டும் வைத்தன.

இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணியை விலக்கிப் பார்ப்பார். மூடுவார். தேத்தண்ணி குடித்து முடிய முதல் திரும்ப விலக்குவார். ரோச் லைற் அடித்துப் பார்ப்பார்.

"இஞ்சேருங்கோ, அது பயப்படுமெல்லே" என்பேன்.

"ஒருக்காத்தான். கூடியிருக்கோ எண்டு பாத்திட்டு வைக்கிறன்."

ஒரு காலை துணியை விலக்கியபோது உடையார்கட்டில் முட்டை ஒன்றுமில்லை. குழாயை அங்குமிங்கும் திருப்பினார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். வெறும் ராணி, வெறும் பஞ்சு. பயம் பிடித்தால் ராணி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பிள்ளை வளர்க்க ஏற்ற இடமில்லை என்று அது முடிவெடுத்துவிட்டால், அந்தச் சத்தைத் திரும்ப உடம்புக்குள் எடுத்துக்கொள்ளும்.

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் குழாயைத் துணியால் மூடினார். பழையபடி சுவரைப் பார்க்கத் தொடங்கிவிடுவாரோ என்று பயந்தேன்.

அடுத்த கிழமை விசுவமடு செத்தது. பஞ்சு சரியாக இறுகாமல் தண்ணீர் கசிந்து உள்ளே வந்துவிட்டது. அது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் அன்று பின்னேரம் வந்த சுதனிடம் இவர், "விசுவமடு முடிஞ்சுதடா" என்று மொட்டையாகச் சொல்ல, அவன் முகம் வெளிறி, "ஐயோ அண்ணை, ஆர் செத்தது? எங்கட சித்தி அங்கதானே இருக்கிறா!" என்று போனை எடுத்துவிட்டான். விளங்கப்படுத்தியபோது அவன் கதிரையில் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு மெல்ல இவரையும் தொற்றிக்கொண்டது.

அன்றைக்கே ஒரு தீர்மானம் எடுத்தார். இரண்டு குழாயையும் கறுப்புத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் உடுப்புகளின் நடுவில் வைத்துப் பூட்டி, திறப்பை என்னிடம் தந்தார்.

"நான் கேட்டாலும் தராதையும்."

கேட்டார். கெஞ்சினார். ஒருநாள் "சாரம் எடுக்கவேணும்" என்று திறப்புக் கேட்டார். சாரத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். கிழமைக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில், இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்ச நேரம் பார்ப்பது என்று ஒப்பந்தம். அந்த ஞாயிறுகளில் முட்டை புழுவாயிற்று, புழு பழுப்பு நிறக் கூட்டுக்குள் போயிற்று. உடையார்கட்டும் திரும்ப முட்டை வைத்தது. ஹோர்ன் அண்ணை காத்திருக்கப் பழகினார்.

பேபி பவுடர்

மார்கழியில் பிளாஸ்டர் வெட்டினார்கள். அதையொட்டிய ஒரு ஞாயிறு, குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்தவர் அப்படியே நின்றார். ராணியின் காலடியில் இரண்டு புதிய எறும்புகள். இன்னும் நிறம் ஏறாமல், தேன் நிறத்தில், மிகச் சின்னதாக. ஒன்று நடக்கத் தெரியாமல் நடந்து பஞ்சில் முட்டி நின்றது. மற்றது வந்த உடனேயே இன்னொரு கூட்டைப் பிரிக்க ராணிக்கு உதவிக்கொண்டிருந்தது.

"வசந்தி! பரந்தனில பிள்ளை பிறந்திட்டுது!"

இந்தத் தடவை குரலை அமுக்கவில்லை. நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். மகளுக்குப் போன் எடுத்தார். சுதனுக்கு எடுத்தார். சுதன் பஸ்ஸில் நின்ற ஆட்களுக்கு, "யோகன் அண்ணை வீட்டில பிள்ளை பிறந்திருக்கு" என்று, வேண்டுமென்றே, வேறு விளக்கமில்லாமல் சொல்லியிருக்கிறான்.

மறுநாள் பின்னேரம் பரீனா ரீச்சர் வந்தா. முல்லைத்தீவிலிருந்து ஒவ்வொரு நாளும் இரண்டு பஸ் மாறி, இரண்டாவதாக இவருடைய பஸ்ஸில் ஏறிப் படிப்பிக்கப் போகிறவா. கையில் ஒரு பை; அதற்குள் பேபி சோப், பேபி பவுடர், சின்னச் சோடிக் காலுறை. வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தா.

"வசந்தி அக்கா, நீங்கள் எழும்பி நடந்து திரியிறீங்களே!"

மாமிக்கு உயிர் போய் வந்தது. "ஐயோ ரீச்சர், என்ர மருமோளுக்கு இந்த வயசில பிள்ளையோ! ஊர் என்ன கதைக்கும்? எறும்பு, ரீச்சர், எறும்பு!"

ரீச்சர் பூதக்கண்ணாடியால் குனிந்து பார்த்தா. பார்த்துவிட்டு, "அச்சாப் பிள்ளையள்" என்று சொல்லி, பையை என்னிடமே தந்துவிட்டுப் போனா. காலுறை எறும்புக்கு அளவில்லை. பவுடர் உண்மையாகவே உதவியது. அதைத் தண்ணீரில் குழைத்துப் பெட்டியின் விளிம்பில் பூசிக் காயவிட்டால் எறும்பால் ஏற முடியாது, வழுக்கும். இரண்டு ஒளிபுகும் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குள் இரண்டு குழாயையும் வைத்தோம். அவை அங்கே வெளியே வந்து, ஒரு சொட்டுச் சீனித் தண்ணீரைக் குடித்து, மின்மட்டையால் அடித்துப் போட்ட நுளம்பை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடும்.

நுளம்பு அடித்துக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? மாமிதான். ஒரு கையில் எறும்புச் சோக்கோடு குசினி வாசலில் கோடு இழுத்துவிட்டு, மற்றக் கையில் நுளம்பைக் கொண்டுவந்து பெட்டிக்குள் போடுவார். கேட்டால், "குசினிக்குள்ள வாறது கள்ளர். உதுகள் வீட்டு ஆக்கள்" என்பார்.

கால் நோகவில்லை

தை பிறந்தது. அறுவடை தொடங்கி, தெருவோரமெல்லாம் நெல் காயப் போட்டிருந்தார்கள். பஸ்ஸும் திருத்தி ஓடத் தொடங்கியிருந்தது. கஜன் என்ற இளம் சாரதி தற்காலிகமாக ஓட்டினான். வைத்தியர் இவருடைய காலைத் தட்டிப் பார்த்து, இனி ஓட்டலாம் என்றார். முதலாளி போன் எடுத்தார்.

"அடுத்த கிழமை பாப்பம் முதலாளி. இஞ்ச கொஞ்சம் வேலை."

அடுத்த கிழமையும் வந்தது. பரந்தனில் புதுக் கூடுகள் பிரிகின்றன என்றார். அதற்கடுத்த கிழமை உடையார்கட்டுக்குக் குழாய் மாற்ற வேண்டும் என்றார். நானும் முதலில் அதை நம்பினேன். காலையில் எழும்பி அவர் எறும்புகளோடு கதைப்பதைக் கேட்க எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

ஒருநாள் லீவில் வீட்டில் நின்றேன். தெருவில் அவருடைய பஸ் போகும் சத்தம் கேட்டது. பெட்டிக்கு மேல் குனிந்திருந்தவரின் தோள் இறுகியது. பஸ் சந்தி தாண்டும்வரைக்கும் அவர் மூச்சு விடவில்லை.

பக்கத்தில் போய் இருந்தேன். "கால் நோகுதோ?"

"கால் நோகேல்லை."

"அப்ப?"

கையிலிருந்த ஈர்க்கைப் பெட்டியோரம் வைத்தார். "கண்ணை மூடினா மாடு தெரியுது வசந்தி. பின்னால ஆக்கள் கத்துறது கேக்குது. அதுக்குள்ள பள்ளிக்கூடப் பிள்ளையளும் இருந்ததுகள்."

சொல்லக்கூடியதெல்லாம் அவருக்கும் தெரிந்தவைதான். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் ஒரு எறும்பு நுளம்புக் கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் சுவரைப் பார்ப்பதை விட்டு எறும்பைப் பார்க்கிறார், அவ்வளவுதான் வித்தியாசமோ என்று அன்று எனக்குத் தோன்றியது.

புகை

மழை விட்டதும் நுளம்பு பெருகியது. எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேருக்கு டெங்கு. ஒருவரின் இரத்தத்தை நானே சோதித்தேன். இரண்டு பேரும் சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து, நாளைக் காலமை வீடு வீடாகப் புகை அடிக்கப்போகிறோம், சாப்பாட்டுச் சாமானை மூடி வையுங்கோ என்று சொல்லிக்கொண்டு போனார். எங்கள் படலைக்கும் வந்தார்.

"ஐயா, எங்கட வீட்டை மட்டும் விடுங்கோ" என்றார் கணவர்.

"ஏன்?"

"உள்ள சின்னப் பிள்ளையள் இருக்குதுகள்."

"அப்பிடியெண்டா இன்னும் கட்டாயம் அடிக்கவேணும். எத்தினை பிள்ளையள்?"

"ரெண்டு பெட்டியிலையும் சேத்து ஒரு நாப்பது வரும்."

பரிசோதகர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பார்த்தார். இளம் ஆள். சிரிப்பை அடக்க முடியாமல், ஆனால் மரியாதையாகவே சொன்னார்: "அண்ணை, இந்தப் புகை பட்டா இதில ஒண்டும் மிஞ்சாது. பேந்தும் கொஞ்ச நேரம் வாசம் நிக்கும். நாளைக்கு ஒரு நாள் எங்கையாவது கொண்டு போய் வையுங்கோ."

கிளிநொச்சியில் என் அக்கா வீடு இருக்கிறது. எப்படிக் கொண்டுபோவது? ஓட்டோ துள்ளும் என்றார். மோட்டார் சைக்கிளில் காற்று அடிக்கும் என்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் எங்கே வந்து நிற்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தைக் கடைசிவரைக்கும் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பஸ்தான்" என்றார் கடைசியில். "ரெண்டு சில்லுக்கும் நடுவில ஒரு சீற் இருக்கு. அதில ஆட்டம் குறைவு. உம்மட மடியில வைச்சிரும். நான் பக்கத்தில இருக்கிறன்."

எழும்பு தம்பி

காலை பஸ். பெட்டிகள் இரண்டையும் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். விபத்துக்குப் பிறகு அவர் அந்தப் பஸ்ஸில் ஏறுவது அதுதான் முதல் தடவை. படியில் கால் வைத்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். சுதன் ஒன்றும் நடக்காதது போல, "உள்ள போங்கோ, உள்ள போங்கோ" என்று சத்தம் போட்டான். இரண்டு சீற் முன்னால் பரீனா ரீச்சர் திரும்பிப் பார்த்துச் சிரித்தா.

கஜன் நல்ல பெடியன். ஆனால் இளம் இரத்தம். பின்னால் அரச பஸ் வருவதைக் கண்ணாடியில் கண்டுவிட்டான். ஆட்கள் ஏறி முடிய முதல் எடுப்பான், தரிப்பிடத்தில் இடிப்பது போல நிறுத்துவான். ஒவ்வொரு பிறேக்குக்கும் நான் பெட்டியை நெஞ்சோடு அணைத்தேன்.

"தம்பி, கொஞ்சம் மெல்ல" என்றார் கணவர்.

"அண்ணை, அவன் பின்னால வாறான்!"

உடையார்கட்டில் ஒரு வெட்டு. விசுவமடுவில் ஒரு பிறேக். துவாயை விலக்கிப் பார்த்தேன். ஒரு குழாயில் எறும்புகள் குழம்பி, கூடுகளை வாயில் கவ்விக்கொண்டு அங்குமிங்கும் ஓடின. ராணியும் ஓடியது.

அவரும் பார்த்தார். எழும்பினார். கால் கொஞ்சம் இழுபட, சீற்றுகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனார். தருமபுரத்தில் பஸ் நின்றதும் கஜனின் தோளில் கை வைத்தார்.

"எழும்பு தம்பி."

கஜன் சுதனைப் பார்த்தான். சுதன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு ரிக்கற் கிழித்தான். கஜன் எழும்பினான்.

பஸ் எடுபட்டதே எனக்குத் தெரியவில்லை. மரங்கள் மெல்லப் பின்னுக்கு நகரத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. அவருடைய பின்கழுத்து வேர்த்து, சட்டைக் கொலர் நனைந்திருந்தது. அரச பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. இவர் திரும்பியும் பார்க்கவில்லை.

பின்னால் ஒரு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, இண்டைக்கு பஸ் ஓடுதோ, நிக்குதோ?"

"பஸ்ஸுக்குள்ள முட்டை போகுது அம்மா" என்றான் சுதன்.

"கோழி முட்டையோ?"

"எறும்பு முட்டை."

பஸ் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்க முதலே முன்னால் தெரு நடுவில் மாடுகள் தெரிந்தன. அதே இடமில்லை, அதற்குக் கொஞ்சம் முன்னால். நான் பெட்டிகளை இறுக்கிப் பிடித்தேன். பரீனா ரீச்சரும் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டா.

அவர் வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். வெகு தூரத்திலேயே பஸ்ஸை நிற்பாட்டினார். ஹோர்னில் கை வைக்கவில்லை. ஒரு பசு நின்று அவரைப் பார்த்தது. கன்றொன்று அதன் வயிற்றுக்குக் கீழால் தலையை நீட்டியது. எல்லாம் ஒவ்வொன்றாகத் தெருவைத் தாண்டி வயலுக்குள் இறங்கும்வரை அவர் இரண்டு கையையும் ஸ்ரியரிங்கில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒரு பெரிய மூச்சு விட்டார். அது எனக்கு நடு சீற்றில் கேட்டது.

கிளிநொச்சியில் ஆட்கள் இறங்கினார்கள். ஏசிய அம்மா இறங்கும்போது என் மடியைத் தட்டி, "முட்டை கவனம்" என்று சொல்லிக்கொண்டு போனா. நான் முன்னால் போய்த் துவாயை விலக்கி அவருக்குக் காட்டினேன். இரண்டு குழாயிலும் எறும்புகள் பஞ்சோரமாக ஒன்றாய்க் குவிந்து, கூடுகளை நடுவில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தன. ஒன்றும் விழவில்லை, ஒன்றும் குறையவில்லை.

"வாருங்கோ, ஓட்டோ பிடிப்பம்" என்றேன்.

அவர் இறங்கவில்லை. சுதனைப் பார்த்து, "திரும்பிப் போற ட்ரிப் எத்தினை மணிக்கடா?" என்று கேட்டார்.

சுதன் சொன்னான். கஜன் பக்கத்துச் சீற்றில் இருந்து வடை தின்றுகொண்டு தலையாட்டினான்.

"நீர் அக்கா வீட்டை மெல்ல நடந்து போம். கிட்டத்தானே. பின்னேர ட்ரிப்பில வந்து உம்மையும் பிள்ளையளையும் ஏத்திறன்."

பெட்டிகளை அணைத்துக்கொண்டு இறங்கினேன். சந்தியடியில் நின்று திரும்பிப் பார்த்தேன். கஜன் கட்டை ஆள். அவன் தன் உயரத்துக்குச் சரித்து வைத்திருந்த கண்ணாடியை, என் கணவர் கையை நீட்டித் தன் கண்ணுக்கு நேரே நிமிர்த்திக்கொண்டிருந்தார்.